புண்படுதல் பிரிவு

இந்தக் கதையில் ஒரு நாவல் வருகிறது. அதன் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அது இலவச விளம்பரம் ஆகிவிடும். இலவச விளம்பரம் ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பாவத்தை நானே செய்ய முடியாது.

எழுதியவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்பவர்கள் ஸ்பேனர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே அவன் பெயராகிவிட்டது. அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது அக்கா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை செய்து, போர்வையும் தலையணை உறையுமாகத் துவைத்து மடித்தே அவனைப் படிக்க வைத்தாள். நாவல் முழுக்க அவள்தான். அக்காவைப் போல ஒருத்தி இந்த ஊரில் இருக்கிறாள் என்று ஒரு பத்துப் பேருக்காவது தெரிய வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை. பதிப்பகங்கள் எல்லாம் கையை விரித்தன. சொந்தமாக அச்சடித்தான். கட்டிலுக்குக் கீழே புத்தகக் கட்டுகளும் கட்டிலுக்கு மேலே அவனுமாகச் சில மாதங்கள் போயின. முதல் பிரதியை அக்காவிடம் கொடுத்தபோது ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். படித்தாளா என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவான் அவனுக்குச் சுயபதிப்பு நூல் பரப்பு வாரியத்தைப் பற்றிச் சொன்னார். சொந்தமாகப் புத்தகம் போட்டவர்களுக்கு அங்கே இலவசமாக விளம்பரம் செய்து தருகிறார்களாம். ஒரு பைசா வாங்குவதில்லையாம். ஸ்பேனர் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனான்.

வாரியம் ஆறாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்க ஏறிப் போனவனை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கப் டீ கொடுத்தார்கள். களைப்பில் மடமடவென்று குடித்தான். குடித்து முடித்ததும் இயக்குநர் அறைக்குள் கூப்பிட்டார்கள். இயக்குநர் சிரித்த முகமாக இருந்தார். சிரிப்பு அவருக்கு உடுப்பின் ஒரு பகுதி.

"டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேன் சார். நல்லா இருந்துச்சு."

"ரொம்ப சந்தோஷம். சம்மதம் பதிவாயிடுச்சு."

"எதுக்கு சார் சம்மதம்?"

"விளம்பரத்துக்குத்தான். இங்க கையெழுத்து, காகிதம் எல்லாம் கிடையாது. எழுத்தாளர்களுக்குக் காகிதம்னாலே ஒரு பயம். டீ குடிச்சா சம்மதம், குடிக்கலன்னா இல்ல. எவ்வளவு எளிமை பாருங்க."

ஸ்பேனருக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. பையிலிருந்து நாவலை எடுத்து மேஜைமேல் வைத்தான். இயக்குநர் அதைத் தொடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க. நான் புத்தகம் படிக்கிறதில்ல. படிச்சா பிடிச்சுப்போகும், இல்ல பிடிக்காமப் போகும். ரெண்டுமே பாரபட்சம். இந்தப் பதவிக்கு வந்த நாள்லேருந்து ஒரு பக்கம் புரட்டினதில்ல. இந்த நேர்மைய மேலிடத்துல ரொம்பப் பாராட்டுறாங்க."

"அப்புறம் எப்படி சார் விளம்பரம்?"

"நல்ல கேள்வி. முன்னாடி இங்க பாராட்டுதல் பிரிவுன்னு ஒன்னு இருந்துச்சு. அருமை, அற்புதம், மனசத் தொட்டதுன்னு எழுதுவாங்க. ஜனங்க நம்பல. மூடிட்டோம். இப்ப ஒரே பிரிவுதான். அதுல எடுத்த புத்தகம் ஒன்னுகூட சோடை போனதில்ல." அவர் எழுந்து கதவைத் திறந்தார். "ஆமா, நீங்க லிஃப்ட் மெக்கானிக்னு சொன்னாங்களே? போறப்ப கொஞ்சம் பாத்துக் குடுங்க. இலவசங்கறது ரெண்டு பக்கமும் இருந்தாத்தானே அழகு."

கூடத்தின் கடைசியில் இருந்தது புண்படுதல் பிரிவு. நீண்ட அறை. வரிசையாக மேஜைகள், ஒவ்வொரு மேஜையிலும் ஒரு புத்தகம், ஒரு கைக்குட்டை, ஒரு ஊழியர். ஊழியர்கள் கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறப்பார்கள், பக்கத்தின்மேல் விரலை வைப்பார்கள், கண்ணைத் திறந்து விரல் பட்ட வரியைப் படிப்பார்கள், புண்படுவார்கள். வேலை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. மேற்பார்வையாளர் அம்மா ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே உலாவினார்.

"மூக்க உறிஞ்சாதீங்க," என்று ஓர் ஊழியரைக் கண்டித்தார். "அது அழுகை. நமக்கு வேண்டியது புண்படுதல். முகம் இறுகணும், பார்வை கெட்டியாகணும். பழகப் பழக வரும்."

ஸ்பேனரின் நாவலை அவரே எடுத்துக்கொண்டார். கண்ணை மூடினார், விரலை வைத்தார். விரல் விழுந்தது சலவைக்கூடத்தில் மிஷின் கெட்டுப்போன நாளைப் பற்றிய இடத்தில். பெண்கள் எல்லோரும் தொட்டியில் இறங்கி, ஆஸ்பத்திரிப் போர்வைகளைக் காலால் மிதித்துத் துவைத்தார்கள் என்று எழுதியிருந்தான். அந்த வரி அவனுக்கு ரொம்பப் பிடித்த வரி. குளிர்ந்த தண்ணீரில் பாதம் வெடித்து அக்கா ஒரு வாரம் நொண்டியதைப் பற்றி அதற்கு அடுத்த வரியில் எழுதியிருந்தான். அடுத்த வரிக்கு விரல் போகவில்லை.

"யாரோட போர்வை?" என்றார் மேற்பார்வையாளர்.

"நோயாளிங்களோடது மேடம்."

"நோயாளிங்க போர்த்தின போர்வைய மிதிச்சாங்க."

"துவைச்சாங்க மேடம்."

"மிதிச்சாங்கன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. போர்வைய மிதிச்சா நோயாளிய மிதிச்ச மாதிரிதானே?" அவர் முகம் ஸ்பேனரின் கண்முன்னாலேயே இறுகியது. பார்வை கெட்டியானது. அறையில் இருந்த எல்லோரும் புத்தகத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். "எங்கம்மா ஆஸ்பத்திரில கிடந்தாங்க," என்றார் மேற்பார்வையாளர், மெதுவாக.

அவன் கீழே போகும்போது லிஃப்டைச் சரிசெய்துவிட்டுப் போனான். இயக்குநர் அதிலேயே இறங்கி வந்து கையசைத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரத்தில் சுவர்களில் போஸ்டர் வந்தது. நோயாளிகளை மிதித்த நாவல் என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே நாவலின் பெயர், எழுதியவன் பெயர், அதற்கும் கீழே பொடி எழுத்தில் இலவச வெளியீடு என்று இருந்தது. தன் பெயரை இவ்வளவு பெரிதாக அவன் எங்கும் பார்த்ததில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், முதலில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் இரண்டு முறை நின்று பார்த்தான்.

வாரியத்தின் கணக்கு எவ்வளவு சரியானது என்று அதன் பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது படுக்காதவர்கள் யார்? படுத்தவர்களைப் பார்க்கப் போகாதவர்கள் யார்? ஊரே புண்படத் தகுதி பெற்றிருந்தது. புண்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரிந்துகொள்ள நெற்றியில் வெள்ளைக் கட்டு கட்டிக்கொள்ளலாம் என்று வாரியம் அறிவித்தது. கட்டுத் துணி ஆறாவது மாடியில் இலவசமாகக் கிடைத்தது. வாங்கப் போனவர்கள் லிஃப்டில் ஏறிப் போனார்கள்.

மறுநாள் காலையில் ஸ்பேனரும் அக்காவும் குடியிருந்த வீட்டுக்கு எதிரே மூன்று பேர் நின்றார்கள். நெற்றியில் கட்டு. கோஷம் கிடையாது, கல் கிடையாது. சும்மா நின்று வீட்டைப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த நாள் எதிர்ச் சுவர் நீளத்துக்கு நின்றார்கள். திட்டினாலும் பரவாயில்லை, பதிலுக்குத் திட்டலாம். வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்களை என்ன செய்வது? ஸ்பேனர் ஒருநாள் வெளியே போய், "என்னங்க வேணும்?" என்று கேட்டான். அவர்களில் ஒருவர், பார்க்க நல்ல மனிதர், வாத்தியார் என்று அக்கம்பக்கத்தில் கூப்பிடுவார்கள், மரியாதையாகவே பதில் சொன்னார்.

"ஒன்னும் வேணாம் தம்பி. புண்பட்டிருக்கோம்."

"புத்தகத்தப் படிச்சீங்களா சார்?"

"புண்பட்ட பிறகு எப்படி தம்பி படிக்கிறது?"

வேலை பார்க்கும் கட்டடங்களில், அவன் கை வைத்த லிஃப்டில் ஏற மாட்டோம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். காய்கறிக் கடைக்காரர் கட்டுப் போட்ட நெற்றியோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு எடை போட்டார். இதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டாவது போஸ்டர் ஒட்டினார்கள். அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மிதித்தவள் யார்?

சலவைக்கூடத்தில் அக்காவை மடிக்கும் மேஜையிலிருந்து எழுப்பிக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். போர்வையைத் தொட வேண்டாம் என்றார்கள். அத்தனை வருஷம் கூட நின்று மடித்தவர்கள் உள்ளே கட்டுக் கட்டிக்கொண்டு மடித்தார்கள். அவள் வீட்டுக்கு வரும்போது எதிர்ச்சுவர்க் கூட்டம் அவள் பாதத்தைப் பார்த்தது. முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தை மட்டும் பார்த்தது.

ஸ்பேனர் வாரியத்துக்கு ஓடினான்.

"நிறுத்துங்க சார். எனக்கு விளம்பரம் வேண்டாம்."

இயக்குநரின் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. "ஏன், என்ன ஆச்சு? உங்க புத்தகத்தோட பேரு தெரியாத ஆளு இன்னிக்கு இந்த ஊர்ல கிடையாது. அதப் படிச்ச ஆளும் கிடையாது. இப்படி ஒரு சுத்தமான வெற்றிய நாங்களே பாத்ததில்ல."

"எங்க அக்காவ விரட்டுறாங்க சார். ரத்து பண்ணிடுங்க."

"காசு கட்டின சேவைன்னா ரத்து பண்ணலாம். கட்டினவரு வாடிக்கையாளர். அவருக்கு வேணும், வேண்டாம்னு சொல்ற உரிமை இருக்கு. நீங்க பயனாளி. பயனாளிக்குப் பயன் கிடைச்சே தீரும். அதத் தடுக்க எங்களுக்கே அதிகாரம் இல்ல."

"அப்ப காசு கட்டிடறேன் சார்."

இயக்குநரின் முகம் முதல் தடவையாக வாடியது. "இலவசமா செய்யற நிறுவனத்துகிட்ட வந்து காசு நீட்டறீங்களே. நானே புண்பட்டுடுவேன்."

"எனக்கு முன்னாடி வந்தவங்களுக்கு என்ன ஆச்சு சார்? போன வருஷம் ஒரு கவிஞர் வந்தாருன்னு சொன்னாங்களே."

"ஆமா, ரொம்பப் பிரபலமாயிட்டாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"அது எங்க பிரிவு இல்ல," என்றார் இயக்குநர். பிறகு அவன் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவர்போலக் குரலைத் தணித்தார். "ஒரு வழி இருக்கு. நிறைவு விழா. உங்க கதைல வர்ற அக்கா மேடைக்கு வந்து, போர்வைய மிதிச்சேன்னு எழுதினதுல நான்தான் முதல்ல புண்பட்டேன்னு சொல்லணும். நீங்க மன்னிப்புக் கேக்கணும். அவங்க மன்னிச்சா எல்லாரும் மன்னிச்ச மாதிரி. கட்ட அவுத்துட்டுப் போயிடுவாங்க."

"அக்கா புண்படலன்னு சொன்னா?"

"அப்ப மிதிச்சது நிஜம்னு ஆயிடும். ஜனங்க அவங்ககிட்ட நேரடியாப் பேசுவாங்க."

"பேசறதுன்னா?"

"பேசறதுதான்," என்றார் இயக்குநர்.

வீட்டில் அக்கா ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்பேனர் எல்லாவற்றையும் சொன்னான்.

"நான் என்ன சொல்லணும்?" என்றாள் அக்கா.

"போர்வைய மிதிச்சதா எழுதினதுல மனசு புண்பட்டுச்சுன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"மிதிச்சோமேடா. மிஷின் ஓடல, வார்டுல போர்வை இல்ல. மிதிக்காம என்ன பண்றது?"

"எனக்குத் தெரியும்க்கா. இருந்தாலும் நீ சொல்லித்தான் ஆகணும். இல்லன்னா உன்ன விட மாட்டாங்க. உன்ன ஏதாவது பண்ணிடுவாங்கன்னு எனக்குப் பயமா இருக்கு."

"உன்ன?"

"என்னை என்ன பண்ணினாலும் பரவாயில்ல."

"இதயே சொல்லிட்டிரு," என்றாள் அக்கா. கோபமா கேலியா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு அவள் அந்த வாக்கியத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பாடம் ஒப்பிப்பவள் குரலில் இருந்தது, ஆனாலும் பிசகில்லாமல் வந்தது.

விழா மண்டபம் நிறைந்து வழிந்தது. நெற்றி நெற்றியாக வெள்ளை. ஊழியர்கள் வாசலில் நின்று ஆட்களை எண்ணி உள்ளே விட்டார்கள். நிறைந்ததும் கதவைச் சாத்திக் குறுக்குக் கம்பியைப் போட்டார்கள். உள்ளே போகும்வரைதான் அவர்களுக்குக் கணக்கு. வெளியே வருகிறவர்களை எண்ண அங்கே யாரும் இல்லை. இயக்குநர் பேசினார். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவன் அநாதை என்றும், அந்த அநாதையை இந்த ஊரே தன் கண்பார்வையில் வைத்துக் காக்கிறது என்றும், இனி அவனை யாரும் மறக்கவே முடியாதபடி செய்திருக்கிறோம் என்றும் சொன்னார். கைதட்டலுக்குப் பதில் எல்லோரும் ஒரே நேரத்தில் நெற்றிக் கட்டைத் தொட்டுக்கொண்டார்கள். அது எப்படி ஒரே நேரத்தில் நடந்தது என்று ஸ்பேனருக்குத் தெரியவில்லை.

மேற்பார்வையாளர் அம்மா அக்காவை மைக் அருகே கூட்டிப்போய் நிறுத்தினார். "நான் புண்பட்டேன்னு ஆரம்பிங்க," என்றார்.

"நான் புண்பட்டேன்," என்றாள் அக்கா.

மண்டபம் திருப்தியாக மூச்சு விட்டது.

"நான் வேலை பாக்கற ஆஸ்பத்திரில ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் இருந்தாரு," என்று அக்கா தொடர்ந்தாள். "என்னக் கல்யாணம் பண்ணிக்கிறேன்னு கேட்டாரு. தம்பி சின்னப் பையன். நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். இவன் புத்தகத்துல எழுதியிருக்கான், அக்கா சிரிச்சிட்டே வேண்டாம்னு சொன்னா, அன்னிக்கு முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே போர்வை மடிச்சாள்னு." அவள் நிறுத்தினாள். "நான் சிரிக்கல."

ஸ்பேனர் தலை நிமிர்ந்தான்.

"ஒரே போர்வைய மடிச்சு, பிரிச்சு, மடிச்சு, பிரிச்சு அன்னிக்குப் பொழுது போச்சு. பாட்டெல்லாம் ஒன்னும் பாடல. என்ன நினைச்சேன்னு இவன் ஒரு தடவ கேட்டிருக்கலாம். கேக்கல. நான் சந்தோஷமா விட்டுக்குடுத்தேன்னு இவனே முடிவு பண்ணி அச்சடிச்சிட்டான். ஊரெல்லாம் குடுக்கறதுக்கு. அந்தப் பக்கத்தப் படிச்சப்ப எனக்கு வலிச்சுது."

நெற்றிகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. மேற்பார்வையாளர் அம்மா ஓடிவந்து மைக்கைக் கையால் மூடினார்.

"பக்கம் மாறிப்போச்சும்மா. நம்ம விஷயம் போர்வைய மிதிச்சது. இது எங்ககிட்ட பதிவாகல."

"இதுதாம்மா நிஜம்."

"இருக்கட்டும்மா. இதுல புண்பட இவ்வளவு பேரு வரலியே. வந்தவங்கள நான் என்ன பண்றது?"

முன்வரிசையில் வாத்தியார் எழுந்தார். "மிதிச்சீங்களா, இல்லையா? அதச் சொல்லுங்க," என்றார், அதே மரியாதையோடு. அவருக்குப் பின்னால் ஒவ்வொரு வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகள் நகரும் சத்தம் கடைசிவரை போய் நின்றது. யாரும் மேடையை நோக்கி வரவில்லை. எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். எல்லோரும் அவள் பாதத்தைப் பார்த்தார்கள்.

ஸ்பேனர் அக்காவிடம் போனான். மனப்பாடம் செய்திருந்த மன்னிப்பு அவனுக்கு மறந்துவிட்டது. "அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. உன்னக் கேக்கணும்னே எனக்குத் தோணல," என்றான்.

"அது மன்னிப்பு வாசகம் இல்லீங்க," என்றார் இயக்குநர் பக்கத்திலிருந்து, சிரிப்பு மாறாமல். "கொஞ்சம் சீக்கிரம் முடிங்க. ஜனங்க எழுந்துட்டா மறுபடி உக்கார மாட்டாங்க. எங்க அனுபவம்."

முன்வரிசை ஒரு அடி எடுத்து வைத்தது. அக்கா கூட்டத்தைப் பார்த்தாள், சாத்திய கதவைப் பார்த்தாள், பக்கத்தில் கண்ணீரும் ஒழுகும் மூக்குமாக நின்ற தம்பியைப் பார்த்தாள். பிறகு மேற்பார்வையாளரின் கையை மைக்கிலிருந்து எடுத்துவிட்டாள்.

"போர்வைய மிதிச்சதா எழுதினதுல என் மனசு புண்பட்டுச்சு," என்றாள். சிரித்தாள். "மன்னிச்சிட்டேன்."

ஆயிரம் கைகள் நெற்றிக்குப் போயின. கட்டுகள் அவிழ்ந்தன. கட்டுக்கு அடியில் எல்லோர் நெற்றியும் நல்லபடியாகவே இருந்தது. கம்பியை எடுத்தார்கள், கதவு திறந்தது. வாத்தியார் வந்து ஸ்பேனரின் தோளைத் தட்டி, "அடுத்த புத்தகம் எப்போ தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார். இயக்குநர் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடைசியில் அந்தச் சிரிப்பு பிரமாதம் என்றும், அவ்வளவு நம்பும்படியாக யாரும் செய்ததில்லை என்றும், புண்படுதல் பிரிவில் ஒரு மேஜை காலியாக இருக்கிறது என்றும் சொன்னார். அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

இரண்டு பேரும் தெருவில் நடந்தார்கள். தரையெல்லாம் அவிழ்த்துப் போட்ட வெள்ளைத் துணி. எதிரே வந்தவர்கள் ஒன்றும் நடக்காததுபோல் அவர்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அந்தத் தலையசைப்புதான் ஸ்பேனருக்கு இத்தனை நாள் பார்வையை விடப் பயமாக இருந்தது. தெருமுனை வந்ததும் அவனால் அடக்க முடியவில்லை.

"அக்கா, அந்த டிரைவர் விஷயத்துல நான் உன்கிட்ட மன்னிப்பு..."

"போதும்," என்றாள் அக்கா. "இன்னிக்கு ஒரு தடவ மன்னிச்சாச்சு. அது எதுக்குன்னு நான் முடிவு பண்ணிக்கறேன்."

"எப்போக்கா?"

அவள் கீழே கிடந்த ஒரு துணியைத் தாண்டிக் காலை வைத்தாள்.